நுனிப்புல் மேயும் ஆடும் பருவத்தின் கணக்கும்

காட்டில் பச்சைக்குக் குறைவில்லை. ஆடு வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத்தான் திரும்புகிறது. ஆனாலும் வாரத்துக்கு வாரம் இளைக்கிறது. வெள்ளாடு வளர்ப்புக்குப் புதியவர்கள் பலரைக் குழப்பும் புதிர் இது. புழு நீக்க மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், நோயோ என்று சந்தேகப்படுவார்கள். சில நேரம் காரணம் அதுவாகவே இருக்கும். பல நேரங்களில் விடை செடிக்குள் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பு ஆட்டைத் தேற்றிய அதே புல்லும் அதே புதரும் அதே இடத்தில் நிற்கின்றன. உள்ளே இருக்கும் சத்து மட்டும் பாதியாகவோ கால் பங்காகவோ இறங்கிவிட்டது.

அந்த இறக்கம் எப்படி நடக்கிறது, ஆடு அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பார்க்கலாம். விதைத்து நீர் பாய்ச்சி வளர்க்கும் தீவனப் பயிர்கள் இங்கே பேச்சில் இல்லை. தானாக முளைக்கும் புல், பூண்டு, கொடி, புதர், மரம் ஆகியவை மட்டும். பருவத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். பனி விழும் நாடுகளில் வசந்தத்தில் செடி துளிர்க்கிறது, வெப்ப நாடுகளில் மழை தொடங்கியதும், மத்தியதரைக் கடலைச் சுற்றிய நிலங்களில் குளிர்கால மழையோடு. ஆகவே நாள்காட்டியை ஓரமாக வைத்துவிடலாம். ஆட்டின் வாயில் இருக்கும் இந்த இலை துளிர்த்து எத்தனை வாரம் ஆகிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இலைக்குள் இருக்கும் இரண்டு பங்கு

எந்தச் செடியையும் தீனியாகப் பார்க்கும்போது இரண்டாகப் பிரித்துக்கொள்வது வசதி. முதல் பங்கு, செல்லுக்குள் இருப்பவை: சர்க்கரை, மாவுச்சத்து, கொழுப்பு, புரதத்தின் பெரும்பகுதி. இவை ஆட்டுக்கு ஏறக்குறைய முழுவதும் செரிக்கும். இரண்டாவது பங்கு, செல்லின் சுவர்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். செல்லுலோஸை மனிதக் குடலால் உடைக்க முடியாது. ஆட்டின் உடலாலும் நேரடியாக முடியாது. அதன் முதல் இரைப்பையில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஒருசெல் உயிரிகளும் அதை நொதிக்கச் செய்து, ஆடு உறிஞ்சிக்கொள்ளக்கூடிய கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. லிக்னினிடம் மட்டும் அவையும் தோற்றுவிடுகின்றன.

லிக்னின் தான் செரிக்காமல் போவதோடு நிற்பதில்லை. கம்பியைச் சுற்றிச் சிமெண்டு இறுகுவது போல, செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு நுண்ணுயிரிகளால் இழையை நெருங்கவே முடியாது. அதனால்தான் லிக்னின் அளவு கொஞ்சம் ஏறினாலும் செரிமானம் அதைவிட அதிகமாகச் சரிகிறது.

தீவன ஆய்வு அறிக்கை ஒன்று எப்போதாவது கையில் கிடைத்தால் அதில் என்டிஎஃப், ஏடிஎஃப் என்ற இரண்டு எண்கள் இருக்கும். அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் வான் சோஸ்ட் 1960களில் உருவாக்கிய முறையில் வருபவை அவை. மாதிரியைச் சலவைத் திரவம் போன்ற ஒரு கரைசலில் கொதிக்க வைப்பார்கள். கரைந்து போவது உள்ளடக்கம், மிஞ்சுவது சுவர். அந்த மிச்சம்தான் என்டிஎஃப். அமிலம் கலந்த வேறொரு கரைசலில் கொதிக்க வைத்தால் ஹெமிசெல்லுலோஸும் கரைந்துவிடும். அப்போது கிடைப்பது ஏடிஎஃப். இரண்டும் ஏறிக்கொண்டே போனால் செடி முற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி, வரும் எண்ணைக் கச்சாப் புரதம் என்கிறார்கள். அந்தக் கச்சா என்ற அடைமொழியை மறக்க வேண்டாம். மர இலைகளுக்கு வரும்போது அது முக்கியமாகிவிடும்.

செடிக்கு வயதாகும்போது

அப்போதுதான் விரிந்த புல் இலையில் சுவர் மெல்லியது, உள்ளடக்கம் நிறைய. உலர் எடையில் கச்சாப் புரதம் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். செரிமானமும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். இந்த நிலை சில வாரங்களே நீடிக்கும். செடிக்கு ஆட்டைப் பற்றிக் கவலையில்லை, விதைதான் குறி. பூக்க வேண்டுமானால் கதிரைத் தூக்கிப் பிடிக்கத் தண்டு வேண்டும். தண்டு நிமிர்ந்து நிற்க லிக்னின் வேண்டும். கதிர் வந்ததும் இலையில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் விதைக்கு இடம் மாறுகின்றன. விதை உதிர்ந்த பிறகு நிற்கும் புல்லில் கச்சாப் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான் தேறும்.

இந்தச் சரிவு சீராக நடப்பதில்லை. தொடக்கத்தில் மெதுவாகவும், கதிர் வெளிவரும் கட்டத்தில் வேகமாகவும் இறங்கும். குளிர் நாட்டுப் புற்களில் கதிர் வந்த பிறகு செரிமானம் நாளுக்கு ஏறக்குறைய அரை சதவீதம் என்ற கணக்கில் குறைகிறது. இரண்டு வாரம் தாமதித்தால் ஏழு சதவீதம் போய்விடும். கொழுக்கட்டைப் புல் போன்ற வெப்பநாட்டுப் புற்கள் இதற்கும் ஒரு படி மேலே. அவற்றின் இலையிலேயே நரம்புத் திசு அதிகம். வெப்பம் கூடக் கூட லிக்னின் படிவதும் விரைவாகிறது. மழைக்குப் பின் மளமளவென்று வளர்ந்து இடுப்பளவு நிற்கும் புல்லைப் பார்த்து மகிழ்ச்சி வரலாம். எனக்கு அந்த உயரம் ஒரு எச்சரிக்கையாகவே படும். உயரம் என்றால் தண்டு, தண்டு என்றால் நார்.

பூண்டுகளும் அவரைக் குடும்பத்துச் சிறுசெடிகளும் இவ்வளவு வேகமாகக் கெடுவதில்லை. தண்டு முற்றினாலும் இலை ஓரளவு சத்தோடு இருக்கும். ஆனால் காய்ந்ததும் அந்த இலை நொறுங்கி உதிர்ந்துவிடும். அதனால் அவற்றின் பயன் இருக்கும்வரை நல்லது, போனால் ஒரேயடியாகப் போய்விட்டது.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வறண்ட காலத்தில் எதிர்பாராமல் பெய்யும் சிறு மழை உடனடியாக நன்மை செய்வதில்லை. நின்ற நிலையில் காய்ந்த புல்லில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் கரையக்கூடிய மற்றச் சத்துகளும் அந்த மழையில் கழுவிப் போகின்றன. புதுத் துளிர் வர ஒன்றிரண்டு வாரமாகும். இடைப்பட்ட நாட்களில் மேய்ச்சல் முன்பைவிட மோசமாக இருக்கும்.

ஏழு சதவீதக் கோடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது 7 ஆக இருக்கட்டும்.

ஆட்டுக்குத் தீனி வைப்பது என்பது முதலில் அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தீனி வைப்பதுதான். அவை பெருக நைட்ரஜன் வேண்டும். மேயும் தீனியில் கச்சாப் புரதம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது, நொதித்தல் மந்தமாகிறது. நார் உடையாமல் இரைப்பையிலேயே தங்குகிறது. இரைப்பை காலியாகாததால் ஆடு மேலும் தின்பதில்லை. சத்துக் குறைந்த தீனியை அதிகமாகத் தின்று ஈடுகட்டலாமே என்று நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு. தீனி மோசமாக ஆக, ஆடு தின்னும் அளவும் குறைகிறது.

கணக்காகப் பார்ப்போம். 30 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்பொருள் தின்னும். அதன் எடை கூடாமல் குறையாமல் நிற்பதற்கே தினமும் 50 கிராமுக்கு மேல் கச்சாப் புரதம் வேண்டும். 16 சதவீதப் புரதமுள்ள இளந்தழையில் ஒரு கிலோ தின்றால் 160 கிராம் கிடைக்கிறது. வளர்ச்சிக்கும் பாலுக்கும் போதிய மிச்சம் இருக்கிறது. 4 சதவீதப் புரதமுள்ள முற்றிய புல்லில் அதே ஒரு கிலோ என்றாலும் 40 கிராம்தான். உண்மையில் ஒரு கிலோ தின்னாது, 700 கிராமோடு நிறுத்திக்கொள்ளும் என்று வைத்தால் 28 கிராம். அதிலும் ஒரு கழிவு உண்டு. குடலின் உதிர்ந்த செல்களும் இறந்த பாக்டீரியாக்களுமாக, தின்ற ஒவ்வொரு கிலோ உலர்பொருளுக்கும் 30 கிராமுக்கு மேல் புரதம் புழுக்கையோடு வெளியேறுகிறது. ஆக 4 சதவீதப் புல்லில் நிகரமாக நிற்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. குறையும் பங்கை ஆடு தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வயிறு உப்பியிருக்கும், முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் சொன்ன புதிர் இதுதான்.

இனப்பெருக்கக் கட்டத்தில் இருக்கும் ஆடுகளுக்கு இந்தக் கோடு இன்னும் மேலே. பால் கொடுக்கும் ஆட்டுக்கு 12 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும். வளரும் குட்டிக்கும் அதே அளவு.

மரமும் புதரும் கைகொடுக்கும் இடம்

மாடும் செம்மறியும் தவிக்கும் நிலத்தில் வெள்ளாடு தாக்குப்பிடிப்பது ஏன்? எதையும் தின்னும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் அதை நேர்த்தலைகீழாகச் சொல்வேன். மேய்ச்சல் விலங்குகளில் பொறுக்கித் தின்பதில் கைதேர்ந்தது அது. ஒடுங்கிய வாய், நன்றாக அசையும் மேலுதடு, சுறுசுறுப்பான நாக்கு, பின்னங்காலில் எழுந்து நின்று ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக் கிளையை எட்டும் திறமை. முள்ளுக்கு நடுவே இருக்கும் ஒரே ஒரு இலையைக் கிள்ள அதற்குத் தெரியும். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைன்ஹோல்ட் ஹோஃப்மான் 1989இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மாட்டையும் செம்மறியையும் புல் மேய்பவையாகவும், ஒட்டகச்சிவிங்கியைத் தழை பொறுக்குபவையாகவும், வெள்ளாட்டை இடைப்பட்டதாகவும் வைத்தார். பருவத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் சாய்வது இந்த இடைப்பட்ட வகையின் குணம். புல் இளசாக இருக்கும் வாரங்களில் ஆடு புல்லைத் தின்னும். புல் முற்றத் தொடங்கியதும் தலையைத் தூக்கிப் புதரைப் பார்க்கும்.

மரத்திலும் புதரிலும் சத்து ஏன் நீடிக்கிறது என்பதற்குக் காரணங்கள் எளியவை. வேர் ஆழமானதால் மேல்மண் காய்ந்த பிறகும் நீர் கிடைக்கிறது. விறைப்புக்கான வேலையைக் கிளையும் தண்டும் பார்த்துக்கொள்வதால் இலையில் அவ்வளவு நார் தேவையில்லை. அவரைக் குடும்பத்து மரங்கள் வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களின் உதவியால் காற்றிலிருந்தே நைட்ரஜன் பெறுகின்றன. வேல இன மரங்கள் பலவற்றின் இலையில் 12 முதல் 20 சதவீதம் வரை கச்சாப் புரதம் இருக்கும். வறண்ட காலத்திலும் அது 7 சதவீதக் கோட்டுக்கு மேலேயே நிற்கும். ஆனால் கிளையின் தடிமன் கணக்கில் வரும். நுனியிலிருந்து கீழே போகப் போகச் சுள்ளியில் மரக்கட்டைப் பங்கு கூடுகிறது. கிளையை வெட்டிக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் ஆடு இலையையும் மெல்லிய நுனியையும் உருவிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும். அதை வீண் என்று நினைத்துத் தின்ன வைக்க முயல வேண்டாம்.

இலையுதிர்க்கும் மரங்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இலையை உதிர்ப்பதற்கு முன் மரம் அதிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. சராசரியாக ஏறக்குறைய பாதியை மீட்டுவிடும். அதனால் மரத்தடியில் கிடக்கும் சருகு, பச்சை இலையின் உலர்ந்த வடிவம் என்று எண்ணக் கூடாது. மரம் தனக்கு வேண்டியதை எடுத்த பிறகு விட்ட மிச்சம் அது. அதே மரத்தின் பச்சைக் கிளையைச் சரியான நேரத்தில் வெட்டி நிழலில் உலர்த்தி வைத்தால் பெரும்பகுதிப் புரதம் தங்கியிருக்கும். பசுமை மாறா மரங்கள் வேறு வழியில் போகின்றன. ஓர் இலையை ஓராண்டுக்கும் மேல் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் அதைத் தடிமனாகவும் தின்னக் கடினமாகவும் செய்கின்றன. சத்து ஏற்ற இறக்கம் குறைவு, உச்சமும் குறைவு.

நெற்று தனிக்கதை. கருவேலம், சீமைக் கருவேலம் போன்றவற்றின் நெற்றுகள் பல இடங்களில் புல் காய்ந்த காலத்தில் பழுத்து விழுகின்றன. சீமைக் கருவேல நெற்றில் சர்க்கரை நிறைய. ஆடுகள் அதற்காக மரத்தடியிலேயே காத்துக் கிடக்கும். விதையின் தோல் கடினமானதால் பல விதைகள் உடையாமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கின்றன. அந்த மரம் உலகின் பல வறண்ட நிலங்களில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். விதைக்குள் இருக்கும் புரதம் ஆட்டுக்குக் கிடைக்க வேண்டுமானால் நெற்றை இடித்தோ அரைத்தோதான் கொடுக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் ஃபைதெர்பியா அல்பிடா என்ற முள்மரம் இருக்கிறது. மற்ற மரங்களுக்கு நேரெதிராக அது மழைக்காலத்தில் இலையுதிர்த்து, வறண்ட காலத்தில் தழைக்கிறது. புல் முழுவதும் காய்ந்து நிற்கும் மாதங்களில் அது பச்சையாக நிற்கும், நெற்றும் தரும். மேய்ச்சல்காரர்களுக்கு அந்த மரம் எவ்வளவு மதிப்புள்ளது என்று விளக்க வேண்டியதில்லை. நிலத்தில் பல வகைச் செடிகள் கலந்து நிற்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. ஒன்று முற்றும்போது இன்னொன்று துளிர்க்கிறது, மூன்றாவது காய்க்கிறது. ஆட்டுக்கு வேண்டியது அந்த முன்பின் வரிசை.

துவர்ப்பு

மர இலைகள் இவ்வளவு நல்லவை என்றால் வறட்சியில் ஆடுகள் கொழுக்க வேண்டுமே? அப்படி நடக்காததற்குக் காரணம் டானின். இலையை மென்றால் வாயை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு அதுதான். கடிக்கும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராகச் செடி வைத்திருக்கும் காவல்.

டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரைப்பையில் அந்தப் பிணைப்பு நுண்ணுயிரிகளால் பிரிக்க முடியாதபடி நிற்கும். கச்சா என்ற சொல்லை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆய்வக அறிக்கை நைட்ரஜனை அளந்து 14 சதவீதப் புரதம் என்று சொல்லும். ஆனால் அதில் ஒரு பெரும் பங்கு கட்டுண்டு கிடக்கலாம். டானின் அதிகமுள்ள இலையின் புரத எண்ணை அப்படியே நம்பித் தீவனக் கணக்குப் போடுவது ஏமாற்றத்தில்தான் முடியும்.

எல்லா அளவிலும் டானின் கெடுதல் என்று சொல்லிவிடவும் முடியாது. உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் அளவுக்கு இருந்தால் அது புரதத்தை முதல் இரைப்பையில் வீணாகாமல் காக்கிறது. நான்காவது இரைப்பையின் கடும் அமிலத்தில் பிணைப்பு அவிழ்ந்து, புரதம் ஆட்டுக்கே நேராகக் கிடைக்கிறது. குடற்புழுக்களின் முட்டை எண்ணிக்கை சில டானின் செடிகளால் குறைவதும் ஆடுகளில் பதிவாகியிருக்கிறது. அளவு 5, 6 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் பசியும் செரிமானமும் அடிவாங்குகின்றன.

பருவத்தோடு டானின் எப்படி மாறுகிறது? இதற்கு ஒரே விதி கிடையாது. சூழலியலாளர் பால் ஃபீனி 1970இல் வெளியிட்ட ஆய்வு ஓக் மர இலைகளைப் பற்றியது. வசந்தத்தில் விரிந்த ஓக் இலையில் புரதம் அதிகம், டானின் குறைவு. கோடை நகர நகர ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. கம்பளிப்புழுக்கள் வசந்தத்தின் அந்தச் சில வாரங்களிலேயே அவசரமாகத் தின்று முடிப்பதற்கு அவர் சொன்ன காரணம் இது. ஆனால் ஓக்கிலேயே டானினில் இன்னொரு வகை இளந்துளிரிலும் காயிலும் அதிகம். வசந்தத் துளிரை மட்டுமே தின்ற மாடுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததுண்டு. வெள்ளாடு அவற்றைவிடத் தாங்கும், அதற்கும் எல்லை உண்டு. இளசு என்றால் நல்லது என்ற பொது விதி புல்லுக்குப் பொருந்தும். மரத்துக்கு அதை அப்படியே நீட்டக் கூடாது.

வயிற்று நுண்ணுயிரிகளும் காலப்போக்கில் பழகிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் வேல இலைகளை மேய்ந்து வாழும் காட்டு வெள்ளாடுகளின் இரைப்பையிலிருந்து டானினைத் தாங்கும் பாக்டீரியா ஒன்றை 1990களில் பிரித்தெடுத்தார்கள். இதைவிடச் சுவையான கதை சூபாபுல் மரத்தினுடையது. அதன் இலையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது, இளந்துளிரில்தான் அதிகம். ஆஸ்திரேலியாவில் அதை மேய்ந்த கால்நடைகளுக்கு முடி உதிர்ந்தது, தைராய்டு வீங்கியது. ஹவாய் தீவின் ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆடுகளின் இரைப்பை நீரை ஆஸ்திரேலிய ஆடுகளுக்குச் செலுத்தினார். பாதுகாப்பும் கூடவே வந்து சேர்ந்தது. அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் நினைவாகவே சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். ஒரே செடி ஒரு மந்தைக்கு உணவாகவும் வேறு மந்தைக்கு நஞ்சாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் பச்சையின் ஆபத்து

வறண்ட மாதங்களைக் கடந்து முதல் துளிர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆடுகள் நோய்வாய்ப்படும் வாரங்களும் அவைதான்.

முதலாவது, தண்ணீர். புதுத் துளிரில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நீர். ஒரு கிலோ உலர்பொருள் வேண்டுமானால் ஆடு ஐந்து கிலோ பசுந்தழை தின்ன வேண்டும். இரண்டு அங்குல உயரப் புல்லில் ஒவ்வொரு வாய்க்கும் கிடைப்பது கொஞ்சம். நாள் முழுவதும் மேய்ந்தும் கணக்கு நிறைவதில்லை. புழுக்கை இளகிப்போகும். தூரத்துப் பச்சையைப் பார்த்து ஓடி ஓடி எடை குறையும் ஆடுகளும் உண்டு.

இரண்டாவது, திடீர் மாற்றம். காய்ந்த நாருக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் சர்க்கரையும் புரதமும் நிறைந்த தீனிக்கு மாறிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் வயிறு நிறையத் தின்றால் உப்புசம் வரலாம். குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா பெருகி நச்சைச் சுரந்தால் துள்ளுமாரி என்ற நோய் வரும். நன்றாகத் தேறிய குட்டி காலையில் செத்துக் கிடக்கும். தடுப்பூசி உண்டு, அதைப் பருவம் தொடங்கும் முன்பே போட வேண்டும். முதல் சில நாட்கள் காய்ந்த தீனி கொஞ்சம் தின்ன வைத்த பிறகே பச்சையில் விடுவதும் நல்ல பழக்கம்.

மூன்றாவது, நஞ்சு. வறட்சியில் வாடி, மழைக்குப் பின் மறுபடி துளிர்க்கும் சோள இனச் செடிகளில், காட்டில் தானாக வளர்பவை உட்பட, சயனைடு சேர்கிறது. முள்ளுக்கீரை போன்ற சில பூண்டுகள் நீண்ட வறட்சிக்குப் பின் மண்ணில் தேங்கிய நைட்ரேட்டை உறிஞ்சித் தண்டில் சேர்த்துவைக்கும். இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கிறது. இரண்டிலும் பசியோடு வரும் ஆடுதான் அதிகம் மாட்டுகிறது. பல செடிகளைக் கலந்து கடிக்கும் ஆடு ஒன்றிலேயே அளவு மீறித் தின்பதில்லை. பசித்த ஆட்டுக்கு அந்த நிதானம் இருக்காது.

தாது உப்புகளும் பருவத்துக்கு ஏற்ப நகர்கின்றன. புல் முற்ற முற்றப் பாஸ்பரஸ் குறைகிறது, காய்ந்த புல்லில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. கால்சியம் அவ்வளவாகக் குறையாது. எலும்பைக் கடிக்கும், மண்ணை நக்கும் ஆட்டைக் கண்டால் பாஸ்பரஸ் அல்லது உப்புக் குறைவை யோசிக்கலாம். வைட்டமின் ஏ உண்டாவதற்கு வேண்டிய கரோட்டின் பச்சையில் ஏராளம், வெயிலில் வெளுத்த புல்லில் கிட்டத்தட்ட இல்லை. நல்ல பச்சை தின்ற ஆட்டின் கல்லீரல் சில மாதங்களுக்கான இருப்பை வைத்திருப்பதால் குறைவு வறட்சியின் இறுதியில்தான் தலைகாட்டும்.

நாளுக்குள்ளேயும் ஒரு சிறிய ஏற்ற இறக்கம் உண்டு. வெயிலில் இலை சர்க்கரை தயாரிப்பதால் பிற்பகலில் அதன் அளவு கூடியிருக்கும். ஒரே வயலில் காலையில் வெட்டி உலர்த்திய புல்லையும் மாலையில் வெட்டி உலர்த்தியதையும் முன்னால் வைத்தபோது மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றுமே மாலைப் புல்லைத் தேர்ந்ததாக 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

ஆட்டைப் பார்த்து அறிவது

செடிகளை ஆய்வகத்துக்கு அனுப்ப வசதி இருந்தாலும் மாதிரி எடுப்பதில் தவறு நேர்வது சகஜம். ஒரு சதுர மீட்டரில் இருப்பதை எல்லாம் அறுத்து அனுப்பினால் வரும் எண் அந்த நிலத்துக்குரியது. ஆடு தின்பது அதைவிடச் சத்தானது, ஏனென்றால் அது பொறுக்கித் தின்கிறது. ஆட்டின் பின்னாலேயே நடந்து, அது எந்தச் செடியில் எந்தப் பகுதியைக் கடிக்கிறதோ அதே பகுதியைக் கையால் கிள்ளிச் சேர்ப்பதே நல்ல முறை. ஆய்வகம் இல்லாவிட்டாலும் அந்த நடை வீணில்லை. மந்தை நுனியைக் கடித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தால் தேர்வுக்கு இடமிருக்கிறது. ஒரே புதரில் நின்று தடித்த சுள்ளியையும் பட்டையையும் கடிக்கத் தொடங்கினால் நல்லது தீர்ந்துவிட்டது.

புழுக்கையும் பேசும். உருண்டு, ஈரத்தோடு, உதிரியாக விழுவது சரியான நிலை. மிகச் சிறுத்து, காய்ந்து, உடைத்தால் உள்ளே நார் தெரிந்தால் புரதம் போதவில்லை என்ற ஐயம் எழலாம், தண்ணீர் குறைவாலும் அப்படி ஆகும். முதுகையும் மார்பெலும்பையும் கையால் தடவிப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. மாதம் ஒருமுறை அதே ஆடுகளைத் தடவிக் குறித்துவைத்தால், கண்ணுக்கு இளைப்புத் தெரிவதற்குப் பல வாரம் முன்பே கை சொல்லிவிடும்.

கூடுதல் தீனி கொடுப்பதென்றால் வறண்ட காலத்தில் முதலிடம் புரதத்துக்கு. 45 சதவீதப் புரதமுள்ள பிண்ணாக்கில் 100 கிராம் கொடுத்தால் 45 கிராம் புரதம் சேர்கிறது. அதனால் நுண்ணுயிரிகள் மீண்டும் பெருகி, ஆடு முற்றிய புல்லையே முன்பைவிட அதிகமாகத் தின்று செரிக்கிறது. தானியத்தை மட்டும் அள்ளிப் போட்டால் விளைவு எதிர்மறையாகலாம். மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கும் கொஞ்ச நைட்ரஜனையும் பிடித்துக்கொள்ளும், இரைப்பையில் அமிலம் கூடும், நார் உடைவது இன்னும் குறையும். தானியத்துக்கு இடம் உண்டு, புரதம் ஈடுகட்டப்பட்ட பிறகு.

குட்டி ஈனும் காலத்தையும் துளிர்க் காலத்தோடு பொருத்த முடிந்தால் கூடுதல் தீனிச் செலவு கணிசமாகக் குறையும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கருவின் வளர்ச்சியில் பெரும்பங்கு கடைசி 50 நாளில் நடக்கிறது, பால் உச்சத்தைத் தொடுவது ஈன்ற முதல் இரண்டு மாதத்தில். துளிர்ப்பு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் குட்டிகள் பிறக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஐந்து மாதம் பின்னோக்கி எண்ணிக் கிடாயைச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல், கடைசி 50 நாளின் பெரும்பகுதி வறட்சியின் இறுதியில் விழுகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு அப்போது ஆற்றல் போதாமல் சினைக்கால இரத்த நச்சேற்றம் வந்து படுத்துவிடும் அபாயம் உண்டு. கையிருப்புப் பிண்ணாக்கும், முன்பே வெட்டி நிழலில் உலர்த்திய தழையும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மந்தை முழுவதற்கும் பங்கிடாமல் அந்தச் சில ஆடுகளுக்கே ஒதுக்கிவிடலாம்.